நம் நாட்டு விலங்குகளைக் கண்டு வந்தோம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் முன்னோர். 'புலி' என்னும் சொல்லைப் பிழையின்றி எழுதக் கற்ற மாணவன், அப்புலியின் உறுமலைத் தன் செவியால் ஒருமுறை கேட்பானாயின், அச்சொல் அவன் நெஞ்சில் உயிர் பெற்றுவிடும். இக்கருத்தை உளங்கொண்டு, இவ்வாண்டு நம் பள்ளியின் நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர் 38 பேரும், ஆசிரியர் நால்வரும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் மூவருமாக, கோலாலம்பூரை அடுத்த உலு கிள்ளானில் அமைந்துள்ள தேசிய மிருகக்காட்சிச் சாலைக்கு ஒருநாள் கல்விச் சுற்றுலா சென்று வந்தோம்.

அங்கே உலகின் பல பாகங்களிலிருந்தும் வந்த விலங்குகள் உள்ளன. ஒட்டகச்சிவிங்கியையும் சிங்கத்தையும் காணவே மாணவர் துடித்தனர். ஆயினும், "முதலில் நம் வீட்டாரை நலம் விசாரிப்போம்; பின்னர் விருந்தினரைக் காண்போம்" என்று கூறி, மலேசியக் காடுகளுக்கு உரிய விலங்குகளை முதற்கண் காட்டினோம். அன்று கண்டவற்றையும், மாணவர் கேட்ட வினாக்களையும், அவற்றுக்கு நாம் கூறிய விடைகளையும் இங்கே தொகுத்துத் தருகின்றோம். வர இயலாமற் போன மாணவரும் பெற்றோரும் இதனைப் படித்துப் பயன்பெறுவாராக.

ஆற்றோடு ஒரு பயணம்

காலை ஆறரை மணிக்குப் பேருந்து தோட்டத்தை விட்டுப் புறப்பட்டது. கிள்ளான் நகரில் பாலத்தின் அடியில் கலங்கிய நீராக ஓடும் கிள்ளான் ஆற்றை நாம் அடிக்கடி பார்க்கின்றோம். அந்த ஆறு எங்கே பிறக்கின்றது என்று கேட்டோம். எவரும் விடை கூறவில்லை. "இன்று நாம் செல்லும் இடத்திற்கு அருகிலேதான்" என்றதும் மாணவர் வியந்தனர்.

கிள்ளான் ஆற்றின் நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். உலு கிள்ளான் மலைப்பகுதியில் தோன்றி, கோலாலம்பூர் நகரின் நடுவே கோம்பாக் ஆற்றோடு கலந்து, நம் கிள்ளானைக் கடந்து கடலிற் சேர்கின்றது. கூட்டரசு நெடுஞ்சாலை வழியாக ஷா ஆலமையும் பெட்டாலிங் ஜெயாவையும் கடந்து பிரிக்பீல்ட்ஸில் இறங்கிப் பசியாறினோம். அப்பகுதியும் இவ்வாற்றின் அருகே அமைந்ததே. 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடில்களை அழித்த பின்னர், நகரைச் செங்கல்லால் எழுப்பும் முயற்சி தொடங்கிற்று. அதற்கு வேண்டிய செங்கற் சூளைகள் இருந்த இடமே 'செங்கல் வயல்' எனப் பொருள்படும் பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. இன்று மாடிக் கட்டடங்கள் நெருங்கி நிற்கும் இப்பள்ளத்தாக்கு முழுவதும் ஒருகாலத்தில் அடர்ந்த காடாக இருந்தது என்பதை மாணவர் மனத்திற் கொள்ளுமாறு கூறினோம்.

மிருகக்காட்சிச் சாலையை நெருங்கும்போது, அதன் பின்னணியில் வெண்ணிறப் பாறைகள் துருத்தி நிற்கும் நெடிய குன்றுத்தொடர் ஒன்று தென்பட்டது. கிள்ளான் கேட்ஸ் எனப்படும் இத்தொடர் 14 கிலோமீட்டருக்குக் குறையாத நீளமுடைய குவார்ட்ஸ் என்னும் பளிங்குப் பாறையால் ஆனது. ஆறு இத்தொடரைப் பிளந்துகொண்டு வெளிவரும் இடத்திலேதான் 1958ஆம் ஆண்டில் அணை கட்டப்பட்டது. செங்குத்தான இப்பாறைகளில், மலாய்க்காரர் 'கம்பிங் குருன்' என அழைக்கும் காட்டாடு வாழ்கின்றது. நகரத்துக்கு இவ்வளவு அண்மையில் இன்னும் காட்டு விலங்குகள் உள்ளன என்பதே அன்று நாம் கற்ற முதற் பாடம்.

மிருகக்காட்சிச் சாலையின் வரலாறு

மலேசியா உருவாகி இரண்டு திங்கள்கூட நிறைவுறாத வேளையில், 1963ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், நம் முதற் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் இதனைத் திறந்து வைத்தார்கள். பரப்பளவு 110 ஏக்கர். இது அரசாங்கத் துறையன்று. மலேசிய விலங்கியல் சங்கம் என்னும் அமைப்பு இதனை நடத்தி வருகின்றது. நுழைவுக் கட்டணமும் நன்கொடையுமே இதன் முதன்மையான வருவாய். 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் கதவடைக்க நேர்ந்தபோது வருவாய் நின்றது. விலங்குகளின் பசியோ நிற்கவில்லை. அவ்வேளையில் பொதுமக்கள் பணமும் உணவுப்பொருளும் தந்து உதவினர். நாம் செலுத்தும் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு விலங்கின் உணவாகின்றது என்பதை மாணவர் உணர்ந்தனர்.

தாப்பிர்

முதலில் கண்டது தாப்பிர். மலாய் மொழியில் இதற்குத் 'தெனுக்' என்று பெயர். சிலர் இதனைப் பன்றி என்றனர். ஒருவன் யானைக்குட்டி என்றான். உண்மையில் இது குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் உறவுடைய விலங்கு. முன்கால்களில் நான்கு நான்கு விரல்களும், பின்கால்களில் மும்மூன்று விரல்களும் உள்ளன. உடலின் முன்பாதியும் கால்களும் கருமை; முதுகும் வயிறும் வெண்மை. "இவ்வளவு பளிச்சென்ற நிறம் பகைவனுக்குக் காட்டிக் கொடுத்துவிடாதா?" என்று ஒருவன் வினவினான். நல்ல வினா. தாப்பிர் இரவில் உலவுவது. நிலவொளியில் இவ்வெண்மை அதன் உருவத்தை இரு துண்டாக்கிக் காட்டும். ஆதலால் பகைவன் கண்ணுக்கு அது விலங்காகத் தோன்றாது; பாறையோ நிழலோ எனத் தோன்றும்.

தாய் 13 திங்கள் கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனுகின்றது. குட்டியின் உடலில் தர்ப்பூசணிப் பழத்தைப் போன்று வரிகளும் புள்ளிகளும் இருக்கும்; சில திங்களில் அவை மறைந்துவிடும். ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும் விலங்கு எண்ணிக்கையில் விரைந்து பெருக இயலாது. காட்டை ஊடறுத்துச் சாலைகள் அமைந்த பின், இரவில் அச்சாலையைக் கடக்கும் தாப்பிர்கள் வாகனங்களில் மோதுண்டு மடிவது நம் நாட்டில் அடிக்கடி நேர்கின்றது.

சருகுமான்

பூனையளவே உள்ள சருகுமானைக் கண்டதும், "சாங் கஞ்சில்!" என்று மாணவர் கூவினர். மலாய்ப் பாடநூலில் முதலையையும் புலியையும் தன் அறிவால் வெல்லும் அதே விலங்குதான். எடை ஏறத்தாழ இரண்டு கிலோகிராம். குளம்புடைய விலங்குகளிலே மிகச் சிறியவற்றுள் இதுவும் ஒன்று. மான் எனப்பட்டாலும் இதற்குக் கொம்பில்லை. ஆணுக்கு வாயோரத்தில் சிறு தந்தம் போன்ற பற்கள் உண்டு. மலாக்கா மாநிலச் சின்னத்தில் இரு சருகுமான்கள் நிற்பதை மாணவர் நூல்களிற் காணலாம். பரமேஸ்வரனின் வேட்டை நாயை ஒரு சருகுமான் உதைத்துத் தள்ளிய இடத்திலே மலாக்கா எழுந்தது என்பது வழிவழி வந்த கதை.

புலி

மலாயாப் புலியின் முன் நின்றபோது கூட்டம் முழுவதும் அமைதியாயிற்று. நம் நாட்டுச் சின்னத்தின் இருமருங்கும் நிற்பது இவ்விலங்கே. 2004ஆம் ஆண்டில் ஆய்வாளர் இதனைத் தனியொரு சிற்றினம் என வகைப்படுத்தினர். ஒரு புலியின் வரிகளைப் போல் மற்றொரு புலிக்கு அமைவதில்லை. காட்டில் மறைத்து வைக்கப்படும் தானியங்கிப் படக்கருவிகள் எடுக்கும் படங்களில் இவ்வரிகளை ஒப்பிட்டே புலிகளை எண்ணுகின்றனர்.

1950ஆம் ஆண்டுகளில் நம் தீபகற்பத்தில் 3,000 புலிகள் வரை இருந்திருக்கலாம் எனக் கணித்தனர். 2016 முதல் 2020 வரை நடைபெற்ற தேசியப் புலிக் கணக்கெடுப்போ, 150க்கும் குறைவான புலிகளே காட்டில் எஞ்சியுள்ளன என அறிவித்தது. 150 என்பது எவ்வளவு? நம் பள்ளிச் சபைகூடலில் நிற்கும் மாணவர் தொகை ஏறத்தாழ அவ்வளவே. பகாங், திரெங்கானு, கிளந்தான், பேராக் என விரிந்து கிடக்கும் காடுகள் அனைத்திலும் உள்ள புலிகள் எல்லாம் நம் பள்ளித் திடலுக்குள் அடங்கிவிடும் என்றபோது மாணவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

நாரையும் இருவாட்சியும்

ஏரிக்கரையில் வெண்ணிற நாரைகள் கூண்டின்றி உலவின. பால்வண்ண நாரை எனப்படும் இப்பறவை கடலோரச் சதுப்புநிலக் காடுகளில் வாழ்வது. அக்காடுகள் குறையவே இதன் இனமும் குறைந்தது. 1987ஆம் ஆண்டில், இப்பறவையை உலகிலேயே முதன்முறையாக இங்கே வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்யச் செய்தனர். பின்னர் வனவிலங்குத் துறையோடு இணைந்து, பேராக் மாநிலத்துக் கோலா குலாவில் இங்குப் பிறந்த பறவைகளைப் பறக்க விட்டனர். ஆற்றின் முகத்துவாரத்திற்கு உரிய பறவை ஆற்றின் தலைமாட்டிலே பிறந்து மீண்டும் கடற்கரை சேர்ந்தது.

இருவாட்சி சரவாக்கின் மாநிலப் பறவை. 'என்ங்காங்' என்பது மலாய்ப் பெயர். பெண் இருவாட்சி மரப்பொந்தினுள் அமர்ந்து, வாயிலைச் சேற்றாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை சிறு துளையின் வழியே பல வாரங்கள் உணவூட்டும். இதற்குப் பெரிய பொந்துகள் வேண்டும். பெரும்பொந்து முதிர்ந்த மரத்திலேதான் அமையும். முதிர்ந்த மரத்தை வெட்டிய பின் நாற்றை நட்டு வைத்தால் இருவாட்சிக்கு வீடு கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆகலாம்.

ஒரு மாணவியின் வினா

நண்பகல் உணவின்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, தவறு செய்தவர்களைத்தானே சிறையில் வைப்பார்கள்? இவை என்ன தவறு செய்தன?" என்று கேட்டாள். ஆசிரியர் எவரும் உடனே விடை கூறவில்லை. பொற்கூண்டாயினும் கூண்டு கூண்டே. அதனை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயினும் சிந்திக்கத் தக்கவை சில உண்டு. இங்குள்ள பல விலங்குகள் இத்தகைய இடங்களிலேயே பிறந்தவை. காட்டிற் பிழைக்கும் வழி அறியாதவை. இவ்வாறு காக்கப்பட்டமையாலேதான் பால்வண்ண நாரை மீண்டும் கடற்கரையிற் பறந்தது. காக்கப் பிந்தினால் நேர்வது யாதென்பதற்குச் சான்று சுமத்திராக் காண்டாமிருகம். அது நம் சிலாங்கூர்க் காடுகளிலும் வாழ்ந்த விலங்கு. அழியும் தறுவாயில் அவற்றுட் சிலவற்றைப் பிடித்து, நம் மாநிலத்துச் சுங்கை டூசுனில் வளர்த்தனர். 2003ஆம் ஆண்டில் அங்கே எஞ்சியிருந்த ஐந்தும் இறந்துபட்டன. 2019ஆம் ஆண்டு மே திங்களில் சபாவில் 'தாம்' என்ற ஆணும், அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள் 'இமான்' என்ற பெண்ணும் இறந்ததோடு, மலேசிய மண்ணில் அவ்வினம் அற்றுப்போயிற்று. "நீங்கள் பிறந்த பின் மறைந்த விலங்கு அது, உங்களுக்கு அதனைக் காட்ட எம்மிடம் படம் மட்டுமே உள்ளது" என்றோம்.

பின்னர் அம்மாணவிக்கு மேலும் ஒன்று கூறினோம். நாம் வாழும் தோட்டமும் முன்னாளில் காடே. கடல் கடந்து வந்த நம் பாட்டன்மார் கூலிக்காகக் காட்டை வெட்டி ரப்பரை நட்டனர். பின்வந்தோர் ரப்பரை வெட்டிச் செம்பனையை நட்டனர். அவர்கள் பசிக்கு உழைத்தவர்கள். அவர்களைக் குறை கூறல் தகாது. இப்போது தோட்டத்தின் ஒரு பாதி வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. நம் மாணவருட் சிலர் பிறந்த லயத்து வீடுகள் இன்று இல்லை. பழகிய இடத்தைவிட்டு மூட்டை கட்டிப் போவது எத்தகையது என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நமக்காவது வேறிடம் தேடிச் செல்ல லாரி உண்டு. அவ்விலங்குகளுக்கு அதுவும் இல்லை. அம்மாணவி மீண்டும் வினவவில்லை. தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

கரடியும் கம்பிச் சுருக்கும்

பிற்பகலில் சூரியக் கரடியைக் கண்டோம். உலகிலுள்ள கரடி இனங்களுள் இதுவே சிறியது. மார்பில் உதயசூரியனைப் போன்ற மஞ்சள் வளையம் உண்டு. நாக்கு 25 சென்டிமீட்டர் வரை நீளும். மரப்பொந்திலுள்ள தேனையும் புற்றிலுள்ள கறையானையும் அதனால் நக்கி உண்ணும். அங்கே நின்ற பராமரிப்பாளர், காட்டில் கம்பிச் சுருக்கில் அகப்பட்டுக் காலிழக்கும் புலிகளையும் கரடிகளையும் பற்றி மலாய் மொழியில் எடுத்துரைத்தார். விலங்கு இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். கம்பி தோலையும் தசையையும் அறுத்து எலும்பில் நிற்கும்.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் மெல்ல நம் அருகில் வந்தான். "ஐயா, எங்கள் அப்பாவும் சுருக்கு வைப்பார். ஆனால் அது காட்டுப்பன்றிக்குத்தான்" என்றான். காட்டுப்பன்றிகளால் தோட்டத்தார் படும் தொல்லையை நாம் அறியாதவரல்லோம். லயத்தின் பின்னால் பாடுபட்டு நட்ட மரவள்ளியை ஓர் இரவில் அவை கிளறிப் போட்டுவிடும். ஆதலால் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, வருவது பன்றியா வேறொன்றா என்று கம்பிக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டோம். அவன் சற்று நேரம் கரடியையே நோக்கி நின்றான். பின்னர், "ஆயாக் கொட்டகை அருகே மூன்று காலோடு ஒரு நாய் இருக்கிறதே ஐயா..." என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்திக்கொண்டான். நாமும் அவ்விடத்தில் மேலும் எதுவும் கூறவில்லை.

கம்பிச் சுருக்கு வைத்தல் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கடுந்தண்டனைக்குரிய குற்றம் என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்வாராக. பன்றித் தொல்லைக்கு வேலியிடலாம். தோட்ட நிர்வாகத்திடமும் வனவிலங்குத் துறையிடமும் முறையிடலாம்.

நாம் செய்யத் தக்கன

மாலை நான்கு மணிக்குத் திரும்பும் வழியில், "நம் தோட்டத்தில் வாழும் விலங்குகள் யாவை?" என்று மாணவரைக் கேட்டோம். குரங்கு, உடும்பு, மரநாய், மலைப்பாம்பு, நாகம், மீன்கொத்தி என்று பட்டியல் நீண்டது. "கூகை!" என்றாள் ஒருத்தி. மிகச் சரியான விடை. செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகளை அழிப்பதற்காக நம் நாட்டுத் தோட்டங்களில் கம்பங்களின்மேல் பெட்டிக் கூடுகள் அமைத்துக் கூகைகளைக் குடியேற்றுகின்றனர். கூகை அலறினால் தீங்கு வரும் என அஞ்சிக் கல்லெறிவோர் இன்றும் உளர். நமக்காகக் கூலியின்றி இரவுக் காவல் புரியும் பறவை அது. அதன்மேல் கல்லெறிதல் நன்றி மறத்தலாகும்.

மாணவச் செல்வங்களே! புலியைக் காக்கப் பெரிய காடு வேண்டும். அது நம் கையில் இல்லை. ஆனால் கூகைக் கூட்டின்மேல் கல்லெறியாமை நம் கையில் உள்ளது. மரநாய்க்குட்டியைப் பிடித்துக் கூண்டில் அடைக்காமை நம் கையில் உள்ளது. வாய்க்காலில் குப்பை கொட்டாமை நம் கையில் உள்ளது. ஏனெனில் அவ்வாய்க்கால் கிள்ளான் ஆற்றிலும், ஆறு நாரை இரைதேடும் கடற்கரையிலும் சேர்கின்றது. இனி ஒவ்வொரு திங்களும் மாணவர் தாம் தோட்டத்திற் கண்ட உயிரினங்களின் பெயர், கண்ட நாள், இடம் ஆகியவற்றைப் பள்ளியின் குறிப்பேட்டில் பதிந்து வருவர். அடுத்த ஆண்டு மலரில் அப்பட்டியலை வெளியிட எண்ணியுள்ளோம்.

சுற்றுலா முடிந்து இரண்டு வாரங்கள் சென்றபின் ஒரு காலை, அந்த நான்காம் ஆண்டு மாணவன் நம் அறை வாயிலில் நின்றான். கையில் நாளிதழிற் சுற்றிய பொதி ஒன்று இருந்தது. "அப்பா உங்களிடம் கொடுக்கச் சொன்னார் ஐயா" என்றான். பிரித்துப் பார்த்தோம். துருவேறிய கம்பிச் சுருக்குகள் ஏழு இருந்தன. அவற்றின் கண்ணிகளை அறுத்து, அறிவியல் மூலையில் தாப்பிர் படத்தின் கீழே மாட்டி வைத்துள்ளோம். பெற்றோர் பள்ளிக்கு வரும்போது காணலாம்.